தேன் நிற மூக்கு

வந்தவர் உட்காராமலேயே பேச ஆரம்பித்துவிட்டார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதை மேசைமேல் வைக்கவும் மனமில்லாமல், பிறந்த குழந்தையை ஏந்தியிருப்பதுபோல மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணோட தோட்டாவுல யாரோ கைவெச்சிருக்காங்கம்மா. யாருன்னும் எனக்குத் தெரியும். அதை நிரூபிக்கத்தான் நீங்க வேணும்."

"யாருன்னு தெரிஞ்சா அப்புறம் நான் எதுக்குங்க?" என்றார் அண்ணி. "முதல்ல உட்காருங்க. தண்ணி குடிங்க."

அண்ணி என்று கூப்பிடும் உரிமை உண்மையில் ஒருவனுக்குத்தான் உண்டு. அவருடைய கணவரின் தம்பி. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற தொழில். கல்யாணம் இல்லாத நாள்களில் கேமராவும் கையுமாக அண்ணியின் வீட்டு முன்னறையிலேயே பழியாகக் கிடப்பான். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணி ஆகிப்போனார். காப்பீட்டு நிறுவனத்தில் வெகுகாலம் இருந்தவர். உடைந்தது, எரிந்தது, வளைந்தது எதைக் காட்டினாலும் அது எப்படி அப்படி ஆயிற்று என்று சொல்வதுதான் அங்கே அவருடைய வேலை. இப்போது அதையே வீட்டிலிருந்து செய்கிறார். படக்காரன் தன்னை அவருடைய வலக்கை என்று சொல்லிக்கொள்வான். அண்ணி அதை ஒப்புக்கொண்டதுமில்லை, மறுத்ததுமில்லை.

வந்தவர் ஒரு குண்டுப் பட்டறைக்காரர். போட்டியில் இலக்குப் பலகையைச் சுடுகிறவர்களுக்காக ரைபிள் குண்டு செய்கிறவர். செம்பு உறை, உள்ளே ஈயம், நுனியில் காற்றைக் கிழிக்க ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூர். அந்தக் கூருக்குப் பட்டறையில் மூக்கு என்று பெயர். ஒரே மகள், ரைபிள் சுடுகிறவள். சனிக்கிழமை அணித் தேர்வு.

"முந்நூறு மீட்டர்ல சுட்டா, எல்லாம் ஒரு காசுக்குள்ள அடங்கிடும்மா. ஆயிரம் மீட்டர்ல சுட்டா ஒரு சாண், ரெண்டு சாண் கீழ போய் விழுது. சில குண்டு பலகையைத் தொடாமலே சேத்துல போய்ச் செருகிக்குது. போன பந்தயத்துல கடைசி இடம். என் பொண்ணு, கடைசி இடம்!"

"உங்க குண்டை வேற யாரும் வாங்கறாங்களா?"

"அதைத்தானே சொல்ல வர்றேன். எத்தனையோ பேர் வாங்கறாங்க. ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லை. என் பொண்ணுக்கு மட்டும் இப்படி. தற்செயல்னா எல்லாருக்கும்தானே ஆகணும்?"

படக்காரன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "வேணும்னே செஞ்சிருக்காங்க அண்ணி!"

"அதேதான் தம்பி," என்றார் பட்டறைக்காரர், கட்சிக்கு ஆள் கிடைத்த தெம்போடு. "மூக்கு வார்க்கிறது என் மச்சான், என் மனைவியோட தம்பி. புது போர்டு எழுதினப்போ என் பேரை மட்டும் போட்டேன்னு அவனுக்கு மனத்தாங்கல். அன்னையிலேருந்து என்கிட்ட பேச்சே கிடையாது. ஒரே கூரைக்குக் கீழ வேலை செய்யறோம். ஏதாவது சொல்லணும்னா என் மனைவிகிட்ட சொல்லி அனுப்பறான். அவன் செய்யாம வேற யாரு செய்வா?"

"மூக்குல கோளாறு இருக்கும்னு நினைக்கிறீங்களா?"

"மூக்குல இருக்காதும்மா. என் பொண்ணுக்குப் போற ஒவ்வொரு மூக்கையும் லென்ஸ் வெச்சு நானே பொறுக்கி எடுக்கிறேன். கண்ணாடி மாதிரி இருக்கும். அதைத் தாண்டி எங்கேயோ கைவரிசையைக் காட்டியிருக்கான். சனிக்கிழமைக்குள்ள தெரியணும். இல்லைன்னா அவனைப் பட்டறையை விட்டு அனுப்பிட்டுப் போலீஸுக்குப் போறதா இருக்கேன்." குரல் சட்டென்று இறங்கியது. "அவனை அனுப்பினா நானும் கிளம்பிடுவேன்னு என் மனைவி சொல்லிட்டா."

அவர் கடைசியாகத்தான் பெட்டியை மேசைமேல் வைத்தார். உள்ளே தோட்டாக்கள் வரிசையாக நின்றன. செம்பு உடல், நுனியில் தேன்துளி போல ஒளி ஊடுருவும் மூக்கு. படக்காரன் சொக்கிப்போய் உடனே நாலைந்து படம் எடுத்தான். நகைக்கடை விளம்பரத்துக்கே கொடுக்கலாம் என்று தோன்றியது அவனுக்கு.

*

பட்டறை நீளமான ஒரே கூடம். ஒரு கோடியில் செம்பைக் கிண்ணமாக அடிக்கிற அழுத்தி இயந்திரம். மறு கோடியில் மச்சானின் வார்ப்பு இயந்திரம். நடுவே தரையில் கோடு ஏதும் போடவில்லை, அவ்வளவுதான்; அந்த இடத்தைத் தாண்டி இவர் போவதில்லை, அவர் வருவதில்லை. பட்டறைக்காரர் அண்ணியை நடுக்கூடம் வரை கொண்டுவந்துவிட்டு நின்றுகொண்டார்.

மச்சான் உயரமான, வாய்பேசாத மனிதர். எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தபடி எழுந்து வணக்கம் சொன்னார். இயந்திரம் மூச்சுவிட்டுத் திறந்து மூக்குகளைத் தட்டில் உதிர்த்தது. படக்காரனுக்கு ஏமாற்றமாக இருந்தது. இவை மங்கலாக, பழுப்பாக, வயதானவர் பல் மாதிரி இருந்தன.

அண்ணி அச்சின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"தொடாதீங்கம்மா, கொப்புளம் போட்டுடும்!" என்றார் மச்சான்.

"அச்சை இவ்வளவு சூடா வெச்சிருப்பீங்களா?"

"இதுக்கு அப்படித்தான். சூடான அச்சுல மெதுவா உறையணும்."

"காலையில வந்ததும் சூடா இருக்காதே?"

"ஏற நேரமாகும்." மச்சான் அதோடு நிறுத்திக்கொண்டார்.

சன்னலோரத் தட்டில் ஒரு கண்ணாடி ஜாடி. அதன் அடியில் கொஞ்சம் மூக்குகள் கிடந்தன. வெயில் அவற்றுக்குள் புகுந்து மஞ்சளாகச் சுவரில் விழுந்தது. படக்காரனின் கேமரா தானாகவே கண்ணுக்குப் போய்விட்டது.

"இது என்னங்க?" என்றார் அண்ணி.

"அது ஓரமா எடுத்து வெச்சது. தினமும் கொஞ்சம் போடறேன், ஆனா ஜாடி நிறையவே மாட்டேங்குது. கூட்டறவங்க கொட்டிடறாங்க போல. போனா போகட்டும்னு விட்டுட்டேன்."

வெளியே போகத் திரும்பியவர்களை அவரே நிறுத்தினார். பேசி அதிகம் பழக்கமில்லாத குரல் கரகரத்தது. "அத்தான் என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்திருப்பாருன்னு தெரியும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. அந்தப் பொண்ணு ரைபிளைத் தோள்ல தாங்க முடியாம தள்ளாடின வயசுல, முட்டுக் கொடுத்துப் பிடிச்சவன் நான். அவ குறியைக் கெடுக்கிறதுக்கு முன்னாடி என் கையை இந்த அச்சுக்குள்ள விட்டுக்குவேன்."

நடுக்கூடத்தில் நின்ற பட்டறைக்காரர் காதில் இது விழாமல் இருந்திருக்க முடியாது. அவர் செம்புத் தகடு ஒன்றை எடுத்து, துடைக்க வேண்டிய அவசியமே இல்லாமல், துடைத்துக்கொண்டிருந்தார்.

"நடிப்பு அண்ணி," என்றான் படக்காரன் தெருவில். "பிளாஸ்டிக்கை மாத்தியிருக்கான். நல்லதை ஜாடியில பதுக்கறான், மட்டமானதை வார்க்கறான். நம்ம கண்ணாலேயே பார்த்தோமே, பல்லு மாதிரி!"

"நீ நல்லாத்தான் பார்த்திருக்கே தம்பி," என்றார் அண்ணி. படக்காரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "பார்த்ததைத் தலைகீழா நிறுத்தி வெச்சிருக்கே. நாளைக்குச் சுடுகளத்துக்கு கிட்டத்துல வெச்சுப் பெருசாக் காட்டுமே, உன் லென்ஸ், அதை எடுத்துட்டு வா. மண்வெட்டியும்."

*

மகள் மெலிந்த பெண். ரைபிளைக் கையில் எடுக்கும்வரை சாதாரணமாகத்தான் இருந்தாள். எடுத்ததும் சுற்றியிருந்தவர்கள் தாமாகக் குரலைத் தாழ்த்தினார்கள். முந்நூறு மீட்டரில் ஐந்து சுட்டாள். ஐந்தும் சேர்ந்து ஒரே ஓட்டை. ஆயிரம் மீட்டரில் ஐந்து சுட்டாள். இரண்டு பலகையின் கீழ்விளிம்பில், மூன்று சேற்றில்.

"காத்தா?" என்றான் படக்காரன்.

"காத்து பக்கவாட்டுல தள்ளும் அண்ணா. இது கீழ விழுது," என்றாள் அவள்.

"அப்போ வெடிமருந்தைக் குறைச்சிருக்காங்க!"

குழல்வாயில் வைத்திருந்த வேகமானியை அவள் திருப்பிக் காட்டினாள். பத்துக் குண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் புறப்பட்டிருந்தன. படக்காரனின் இரண்டாவது கட்சியும் அத்தோடு கலைந்தது.

"புறப்படும்போது எல்லாம் சரியா இருக்கு. கொஞ்ச தூரம் வரைக்கும் சரியாவே போகுது. அதுக்கப்புறம் வழியில என்னமோ ஆகுது," என்றார் அண்ணி. "உன் மாமா மேல உனக்குச் சந்தேகம் இருக்காம்மா?"

பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "மாமாவா? பந்தயத்துல நான் கடைசி இடத்துல வந்த அன்னைக்கு மாமாதான் வாசல்ல நின்னு, கடைசியா வர்றதுக்கும் களத்துல இறங்கணும்னு சொல்லித் தட்டிக் கொடுத்தாரு. அப்பா வீட்டுக்குள்ள உட்கார்ந்து பெட்டியையே பார்த்துட்டிருந்தாரு. எனக்கு ரெண்டு பேரும் வேணும் அண்ணி. சனிக்கிழமை நான் தோத்தா அது மாமா தலையில விடியும். அதை நினைச்சுட்டே நான் எப்படிச் சுடறது?"

சுடுதல் நின்றதும் சிவப்புக் கொடி ஏற்றிவிட்டு, இலக்குப் பலகைக்கு முன்னாலிருந்த சேற்றை மூவரும் கிளறினார்கள். படக்காரனின் காலணியில் ஒன்று சேற்றோடு போனது. அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நசுங்கியவை, வளைந்தவை எல்லாம் போக, முழுசாக ஒரே ஒரு குண்டு கிடைத்தது. அண்ணி அதைக் கழுவி, லென்ஸுக்குக் கீழே வைத்து, ஊசியால் மூக்கை மெல்ல நெம்பி வெளியே எடுத்தார்.

"என்ன தெரியுது, சொல்லு."

"அடிக்காம்பு, அதாவது செம்புக்குள்ள இருந்த பாகம், தேன் மாதிரி தெளிவா இருக்கு. வெளிய நீட்டிட்டிருந்த பாகம் பால் ஊத்தின மாதிரி மங்கிப்போச்சு. கூர் இல்லை. சப்பி முடிச்ச மிட்டாய் மாதிரி மழுங்கியிருக்கு. சேத்துல இடிச்சு மழுங்கியிருக்கும்."

"இருக்கலாம். சேத்தையே கேட்டுப் பார்த்துடுவோம்." அண்ணி பெண்ணிடம் திரும்பினார். "இதே பெட்டியிலேருந்து ஒரு குண்டை எடு. மருந்தைக் குறைச்சுக்கோ. ஆயிரம் மீட்டர் போய்ச் சேரும்போது எவ்வளவு வேகம் இருக்குமோ, அந்த வேகத்துல, கிட்டத்துலேருந்து இதே சேத்துல சுடு."

அவள் கணக்குப் போட்டு, மருந்து நிறுத்து, சுட்டாள். முழுசாக ஒன்று தேறுவதற்குள் பல முறை சுட வேண்டியிருந்தது. தேறிய குண்டின் மூக்கு நுனிமுதல் காம்புவரை தேனாகவே இருந்தது. கூர் குத்துகிற கூர்.

"அதே சேறு, அதே வேகம்," என்றான் படக்காரன் மெதுவாக. "அப்போ இது சேத்தோட வேலை இல்லை."

"வழியோட வேலை," என்றார் அண்ணி. அவன் தானாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததில் அவருக்குச் சந்தோஷம், முதுகில் தட்டினார். படக்காரனுக்குக் காலணி போன துக்கம் மறந்துபோயிற்று.

*

வெள்ளிக்கிழமை மாலை பட்டறை நடுக்கூடத்தில், யாரும் தாண்டாத அந்த இடத்திலேயே, ஒரு மேசையைப் போடச் சொன்னார் அண்ணி. ஒரு பக்கம் பட்டறைக்காரர், மறு பக்கம் மச்சான், நடுவில் மகள். பட்டறைக்காரரின் மனைவி வாசல்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேசைமேல் ஒரு மின்னடுப்பு, அதன்மேல் தட்டையான இரும்புத் தகடு.

"சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்போட அடி சுடும், கவனிச்சிருப்பீங்க," என்று ஆரம்பித்தார். "காத்தை நெருக்கினா சூடாகும். ஒலியைவிட ரெண்டு மூணு மடங்கு வேகத்துல போற குண்டுக்கு முன்னாடி இருக்கிற காத்துக்கு விலக நேரம் கிடைக்காது. மூக்கு நுனியில நெரிபட்டுக் கொதிக்கும். அந்தக் கணக்குல, மூக்கு ஒரு அடுப்புக்குள்ளதான் பறந்துட்டிருக்கு. முந்நூறு மீட்டர்னா கண்ணிமைக்கிற நேரத்துல போய்ச் சேர்ந்துடும். சூடு உள்ள இறங்கறதுக்குள்ள வேலை முடிஞ்சுடும். ஆயிரம் மீட்டர்னா சூடு உள்ள இறங்கப் போதுமான நேரம் கிடைச்சுடும். மூக்கு இளகி மழுங்கினா காத்து பிடிச்சு இழுக்கும், வேகம் குறையும், குண்டு கீழ விழும்."

"அப்போ பிளாஸ்டிக்கை மாத்திட்டான்!" பட்டறைக்காரர் மேசையில் அடித்தார். "நான் சொன்னேனே!"

"மாத்தலை ஐயா. ரெண்டும் ஒரே சாக்குல இருந்து வந்த ஒரே பிளாஸ்டிக்." அண்ணி மச்சானின் தட்டிலிருந்து ஒரு பழுப்பு மூக்கையும், மகளின் பெட்டியிலிருந்த குண்டு ஒன்றில் நெம்பி எடுத்த தேன் நிற மூக்கையும் தகட்டில் வைத்தார். "பாருங்க."

தகடு சூடேறியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அண்ணி ஊசியால் இரண்டையும் அழுத்தினார். பழுப்பு மூக்கு அப்படியே நின்றது. தேன் நிற மூக்கின் கூர் சத்தமில்லாமல் மடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் தெளிவு கலைந்து, பால் படர்ந்ததுபோல மங்கிற்று. சேற்றில் கிடைத்ததை அண்ணி பக்கத்தில் வைத்தார். அதே மங்கல்.

"மெதுவா உறைஞ்சா, உள்ள இருக்கிற இழையெல்லாம் அடுக்கி வெச்ச மாதிரி ஒழுங்கா இருக்கும். ஒளி புகாது, பழுப்பாத் தெரியும், ஆனா சூடு தாங்கும். ஆறின அச்சுல திடீர்னு உறைஞ்சா அடுக்கறதுக்கு நேரமில்லை. தெளிவா, அழகா இருக்கும். சூடு பட்டதும் முதல்ல இளகிடும், அப்புறம்தான் அடுக்கிக்கும்; அதுக்குள்ள கூர் போயிடும். காலையில அச்சு சூடேறதுக்கு முன்னாடி வர்றது எல்லாம் அந்த ரகம். அதைத் தனியா எடுத்து ஜாடியில போட்டு வெச்சது யாரு?"

"நான்தான்," என்றார் மச்சான். "அது கழிவும்மா. மறுபடி அரைக்கறதுக்கு."

"அந்த ஜாடி ஏன் நிறையவே இல்லைன்னு இப்போ புரியுதா?"

மச்சானுக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்துவிட்டது. அவள் மெல்ல அப்பா பக்கம் திரும்பினாள்.

படக்காரன் எடுத்திருந்த படம் இரண்டையும் அண்ணி அருகருகே வைத்தார். ஜாடியில் இருந்ததும் பெட்டியில் இருந்ததும் ஒரே தேன். "மத்தவங்க வாங்கின குண்டுல எல்லாம் பழுப்பு மூக்கு. அதெல்லாம் நேராப் போகுது. தேன் நிற மூக்கு இந்தப் பெட்டியில மட்டும்தான். இதுக்கு மூக்கு பொறுக்கினது ஒரே ஒருத்தர். முதல் நாளே நீங்க என்கிட்ட சொல்லிட்டீங்க ஐயா. கண்ணாடி மாதிரி இருக்கும்னு பெருமையாச் சொன்னீங்க."

பட்டறைக்காரர் நாற்காலியில் அமர்ந்தார். பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேசியபோது குரல் யாருடையதோ போலிருந்தது.

"அவன் நல்லதை எல்லாம் பதுக்கி வெச்சு வெளிய கொடுக்கறான்னு நினைச்சேன். அவன் சாப்பிடப் போற நேரம் பார்த்து எடுத்தேன். எல்லாத்துலயும் அழகா இருந்ததுதானேம்மா இது? என் பொண்ணுக்கு அதைவிட மட்டமானதை எப்படிக் கொடுப்பேன்?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தான்," என்றார் மச்சான். பல மாதங்களில் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"நீ மட்டும்? கழிவுன்னு ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாமே?"

"யாரு படிப்பாங்கன்னு ஒட்டறது? இந்தப் பக்கம் நான் மட்டும்தானே இருந்தேன்!"

வாசல்படியில் நின்ற அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேரும் பேசிக்காம என்னைத் தபால்காரியாக்கி, குழந்தையைக் கடைசி இடத்துல கொண்டுபோய் நிறுத்திட்டீங்க. இனிமே உங்க வாயை நீங்களே தூக்கிட்டுப் போங்க!"

முதலில் சிரித்தது மகள்தான். சிரிப்பும் அழுகையுமாக அப்பாவின் மடியிலிருந்த பெட்டியை வாங்கி மாமாவிடம் நீட்டினாள். "மாமா, நாளைக்குக் காலையில தேர்வு. எனக்குப் பல்லு மாதிரி இருக்கிற மூக்கு வேணும்."

மச்சான் தன் தட்டை எடுத்துக்கொண்டு நடுக்கூடத்தைத் தாண்டினார். பட்டறைக்காரர் எழுந்து அவருக்காக அழுத்தி இயந்திரத்தின் விளக்கைப் போட்டார். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே சொல்லவில்லை. ஒருவர் மூக்கைப் பொருத்த, மற்றவர் அழுத்தியின் கைப்பிடியை இழுத்தார்.

*

சனிக்கிழமை சுடுகளத்தில் அண்ணிக்கும் படக்காரனுக்கும் முன்வரிசையில் இடம் போட்டிருந்தது. புதுக் காலணி போட்டிருந்த படக்காரன், தன்னுடைய நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தத்தில் படம் ஆடிவிடுமோ என்று பயந்தான். அந்தப் பெண்ணோ அசையவில்லை. ஆயிரம் மீட்டருக்கு அப்பால் பலகை ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறியபோது, குண்டு பட்ட இடத்தில் குத்திவைக்கும் அடையாள வில்லை நடுவட்டத்திலேயே இருந்தது. கடைசிக் குண்டுக்கும் அப்படியே. ஒலிபெருக்கி முதலிடம் என்று அறிவித்ததும் அண்ணியே, எப்போதும் நிதானமாக இருக்கிற அண்ணியே, எழுந்து நின்று கைதட்டினார். படக்காரன் அவரையும் ஒரு படம் எடுத்தான். தன் அண்ணியைப் போல இன்னொருத்தி கிடையாது என்பதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

தோற்றுப்போன போட்டியாளர்களும் பயிற்சியாளர்களும் பட்டறைக்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். தோட்டா யார் செய்தது என்று ஒருவர் கேட்டார். போன மாதமாக இருந்தால் அவர் மார்தட்டி ஒரு பிரசங்கமே செய்திருப்பார். இன்று, கூட்டத்துக்குப் பின்னால் நழுவப் பார்த்த மச்சானைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"மூக்கு என் மச்சானோடது. குறி என் பொண்ணோடது."

"அப்போ உங்களோடது என்ன?"

பட்டறைக்காரர் காலிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். அவ்வளவு நிமிர்ந்து அவர் நின்று படக்காரன் பார்த்ததில்லை.

"நான் இவங்களுக்குப் பெட்டி தூக்கறவன்."